வைலட்டுக்குப் போட்ட ஜல்லி

கடவுளுக்கு முன்னால் லயனல் கிராப்ட்ரீ முழங்கால் போட்டு யாரும் பார்த்ததில்லை. தேவாலயத்தில் மூட்டுவலி என்று சொல்லி உட்கார்ந்தபடியே ஜெபித்துவிடுவான். ஆனால் அந்த வியாழக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து தன் வீட்டுத் தோட்டத்தில் முழங்காலில்தான் நின்றான். கையில் ஒரு பெயின்ட் பிரஷ். எதிரே தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு தண்டவாளம். அதன் ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நடுவே பொடி ஜல்லியைக் கொட்டி, பிரஷ்ஷால் தள்ளித் தள்ளி நிரவிக்கொண்டிருந்தான். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை இருந்தது. அது பெரிலுடைய தலையணை.

பெரில் சமையலறை ஜன்னலில் நின்று பாத்திரம் கழுவியபடி தன் கணவனின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. அந்த ஆறு வருடமும் அந்த ஜன்னலில் அவளுக்குக் கிடைத்த காட்சி பெரும்பாலும் அதுதான்.

மற்ற ஆண்கள் ஓய்வு பெற்றால் மீன் பிடிக்கப் போவார்கள், இல்லையென்றால் பப்பில் உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டுவார்கள். எதைச் செய்தாலும் வீட்டைவிட்டு வெளியே போய்த் தொலைவார்கள் என்ற நன்மையாவது உண்டு. லயனல் புல்வெளியைத் தோண்டினான். தோட்டத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, கான்கிரீட் போட்டு, அதன்மேல் அறுபது கஜத்துக்குத் தண்டவாளம் பதித்தான். ருபார்ப் செடிப் பாத்தியைத் தாண்டி, குளத்தை ஒட்டி, கருவிக் கொட்டகைக்குப் பின்னால் போய், கற்குவியலுக்கு அடியில் ஒரு சாக்கடைக் குழாய்க்குள் நுழைந்து வெளியே வரும் பாதை. சாக்கடைக் குழாய் என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். அது சுரங்கமாம்.

இதில் ஓடுவதற்கு ஒரு எஞ்சின். ஒரு முழு ரொட்டி அளவுதான் இருக்கும், பச்சை நிறம். ஆனால் பொம்மை இல்லை. உள்ளே நிஜத் தண்ணீர், நிஜ நெருப்பு, நிஜ நீராவி. அதற்கு வைலட் என்று பெயர் வைத்திருந்தான். வைலட் அவனுடைய அம்மாவின் பெயர்.

"மாமியார் செத்துப் பதினோரு வருஷம் ஆச்சு," என்று பெரில் தன் தங்கையிடம் போனில் சொல்லுவாள். "இன்னும் வீட்டைச் சுத்தி வந்துக்கிட்டுத்தான் இருக்கா. புகை விட்டுக்கிட்டு, நடுவுல நடுவுல கத்திக்கிட்டு. ஒண்ணும் மாறல."

ஜல்லி லயனலுக்கு ஒரு மானப் பிரச்சினை. ஜல்லி இல்லாத தண்டவாளம் சட்டை போடாத மனுஷன் மாதிரி என்பான். முதல் வருடம், வீட்டுக்குள் மேஜைமேல் குட்டி ரயில் விடுகிறவர்களைப் பார்த்துவிட்டு, ஜல்லியை மரப்பசை ஊற்றி ஒட்டினான். லங்காஷயரில் மழை பெய்யும் என்பது, அறுபத்து மூன்று வருடமாக அங்கேயே நனைந்துகொண்டிருந்தவனுக்கு ஞாபகம் வரவில்லை. இரண்டே நாளில் பசை கரைந்து, தோட்டம் முழுக்கப் பால் கொட்டினாற்போல் ஆகிவிட்டது. பிறகு ஜல்லியோடு சிமென்ட் கலந்து தூவி, பூவாளியால் தண்ணீர் தெளித்தான். அது நன்றாகவே பிடித்தது. தண்டவாளத்தின் மூட்டுகளையெல்லாம் சேர்த்துப் பிடித்தது. ஜூலை வெயிலில் இரும்பு நீள்வதற்கு இடமில்லாமல் பாதை வளைந்து எழும்ப, தோட்ட ரயில் சங்கத்துக்காரர்கள் எல்லோரும் பார்க்க வைலட் குளத்தில் போய் விழுந்தாள். லயனல் பேன்ட்டோடு குளத்தில் இறங்கி அவளை இரு கையாலும் ஏந்திக்கொண்டு கரையேறினான். கல்யாணமான முப்பத்தெட்டு வருடத்தில் அவன் பெரிலை ஒரு தடவையும் அப்படி ஏந்தியதில்லை.

"இந்தத் தடவ சிமென்டே கிடையாது," என்று இப்போது சொல்கிறான். "பெரிய ரயில்ல சிமென்டா போடுறாங்க? சும்மா ஜல்லியக் கொட்டுறாங்க, அது பாட்டுக்கு நிக்குது."

"பெரிய ரயில் ஜல்லி ஒவ்வொண்ணும் உருளைக்கிழங்கு சைஸ், லயனல். உன்னோடது தும்மினா பறந்துடும்."

"உனக்கு இதெல்லாம் புரியாது, பெரில்."

இந்த வாக்கியத்தை அவன் கார் ஓட்டுவதைப் பற்றியும் சொல்லியிருக்கிறான், வரி கட்டுவதைப் பற்றியும் சொல்லியிருக்கிறான், ஒரு தடவை பிரசவத்தைப் பற்றியும் சொல்லியிருக்கிறான். பெரில் பதில் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டாள். பதிலுக்குப் பதிலாக அவளுக்கு ஒரு பந்தயம் இருந்தது.

பந்தயம் தோட்டத்துக் கோடி மூலைக்காக. நாள் முழுக்க வெயில் படும் சுவர் அது, காற்று அண்டாத இடம். பெரில் கோழிப்பண்ணையில் பிறந்தவள். அவளுடைய அப்பாவிடம் நாலாயிரம் கோழி இருந்தது. ஒரு கோழியைத் தூக்கிப் பார்த்தே நாளைக்கு முட்டை இடுமா இடாதா என்று சொல்லிவிடுவாள். கல்யாணமாகி வந்த முதல் மாதமே அந்த மூலையைக் காட்டி, அங்கே ஆறு கோழி வளர்க்கலாமே என்றாள். "அடுத்த வருஷம் பாப்போம்," என்றான் லயனல். அப்படியே முப்பத்தெட்டு அடுத்த வருடங்கள் போய்விட்டன. போன ஈஸ்டருக்கு, அந்த மூலையில் ரயில் நிலையம் கட்டப் போவதாக அறிவித்தான். மூன்று பிளாட்பாரம், டிக்கெட் அறை, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை.

"எந்தப் பொண்ணு வந்து போகப் போறா அந்தக் கழிப்பறைக்கு?" என்று பெரில் கேட்டாள். அன்றைக்கு இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. ஆட்டுக்கறி ஆறிப்போனதுதான் மிச்சம். கடைசியில் பந்தயம் கட்டினார்கள். ஜூன் மாதம் தோட்ட ரயில் சங்கத்துக்காரர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் எதிரில் வைலட் பத்துச் சுற்று கவிழாமல் ஓட வேண்டும். ஓடினால் மூலை நிலையத்துக்கு. நடுவில் ஒரு தடவை தடம் புரண்டாலும் மூலை கோழிக்கு. கை குலுக்கிக்கொண்டார்கள். லயனலிடம் ஆயிரம் கோளாறு உண்டு, ஆனால் கை குலுக்கிவிட்டு வார்த்தை மாறுகிறவன் இல்லை. அது பெரிலுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு டீ எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். பாதி தூரத்திலேயே நின்றுவிட்டாள். காற்றில் சோம்பு வாசனை.

லயனலுக்கு அது தெரிய வழியில்லை. புல் பூக்கும் காலம் தொடங்கினால் ஆகஸ்ட் வரைக்கும் அவன் மூக்கு அடைத்துத்தான் கிடக்கும். பெரில் கிட்டே போய் மூட்டையைப் பார்த்தாள். பிறகு குனிந்து, ஒரு பிடி ஜல்லியை உள்ளங்கையில் எடுத்து விரலால் கிளறினாள். சாம்பல் நிறத்தில் கருங்கல் பொடி. நடுவே வெள்ளை வெள்ளையாகச் சிப்பித் துண்டுகள்.

"அழகா இருக்குல்ல?" என்றான் லயனல். "சங்க இதழ்ல போட்டிருந்தான், கோழிக்குப் போடுற கல்லுதான் நம்ம அளவுக்குச் சரியா இருக்கும்னு. தீவனக் கடைல நாலு வகை வச்சிருந்தாங்க. மத்ததெல்லாம் வெறும் சாம்பல் கலர். இதுதான் நிஜ ஜல்லி மாதிரி கலந்து கட்டி இருந்தது. பன்னெண்டு மூட்டை வாங்கிட்டேன்."

"எட்டு போதுமே இந்தப் பாதைக்கு."

"நாலு ஸ்டேஷனுக்கு," என்றான் லயனல், டீயை வாங்கிக்கொண்டே.

கோழிக்குப் பல் கிடையாது. பொடிக்கல்லை விழுங்கி, அதை வயிற்றில் வைத்துத்தான் தீனியை அரைக்கும். அதற்காகக் கருங்கல் பொடி விற்பார்கள். அது எந்த மழைக்கும் அசையாது, சங்க இதழில் சொன்னதும் அதைத்தான். முட்டை ஓடு கெட்டியாவதற்குச் சிப்பி விற்பார்கள். இரண்டையும் கலந்து, கோழி தேடி வந்து தின்ன வேண்டும் என்பதற்காகவே சோம்பு எண்ணெய் தெளித்தும் விற்பார்கள். கோழிக்கும் புறாவுக்கும் அந்த வாசனை போதும், ஊர்க்கோடியிலிருந்து ஓடி வரும். லயனல் தன் தோட்டத்தைச் சுற்றி அறுபது கஜத்துக்குப் பந்தி விரித்து வைத்திருந்தான்.

சங்கத்தைக் கேட்டிருக்கிறான். கடைக்காரனைக் கேட்டிருக்கிறான். நாலாயிரம் கோழிக்கு நடுவில் வளர்ந்த பெண்டாட்டி பத்தடி தூரத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். பெரில் கையிலிருந்த ஜல்லியை மறுபடி மூட்டையிலேயே போட்டுவிட்டு, காலிக் கோப்பைக்காகக் காத்திருந்தாள்.

"நல்லா இருக்கு," என்றாள்.

சனிக்கிழமை மழை பெய்து விட்டது. வாசனை இன்னும் தூக்கலாகக் கிளம்பியது. அதற்குள்ளேயே இரண்டு காட்டுப்புறா வந்து சுரங்கத்து வாசலில் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தன. லயனல் அவற்றைப் பார்த்து, "பாரு, பறவைக்குக்கூடப் பிடிச்சிருக்கு," என்றான்.

பக்கத்து வீட்டு டோரீன் ஹஸ்லம் பதினாலு கோழி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போய் வந்ததும் அவற்றைத் திறந்து விடுவாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே முள்வேலி. கொட்டகைக்குப் பின்னால், அந்த வேலியின் அடியில், தொப்பி அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. பெரில் சனிக்கிழமை மாலை ஒரு பலகையை எடுத்துக்கொண்டு அந்த ஓட்டை வரைக்கும் போனாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பலகையைக் கொட்டகைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மூலையில் மேயப்போகும் ஆறு கோழியை நினைத்துக்கொண்டால் அந்த வெட்கம் தாங்கக்கூடியதாகவே இருந்தது.

ஞாயிறு மதியம் சங்கம் வந்தது. ஒன்பது ஆண்கள், ஒன்பது தொப்பி, ஒவ்வொரு தொப்பியிலும் இடமில்லாத அளவுக்கு ரயில் பேட்ஜ். அவர்களை வழிநடத்தி வந்தவர் தலைவர் ராட்னி பெம்பர்டன், ஓய்வு பெற்ற பல் டாக்டர். தன் தோட்டத்தில் இருநூறு கஜத்துக்குப் பாதை போட்டிருப்பவர், அதைப் பேச்சுக்கு நடுவில் நாலு தடவை சொல்லாமல் விடாதவர். மடக்கு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்துத் தண்டவாளத்துக்கு அடியில் விட்டுப் பார்த்தார்.

"என்ன கிராப்ட்ரீ, இந்த மூட்டு தூக்கிக்கிட்டு நிக்குது."

"சரி பண்ணிடறேன், தலைவரே."

"சிமென்டும் போடலையா? சும்மாவே கொட்டி வச்சிருக்கீங்க. தைரியம்தான். போன தடவ குளத்துல குளிச்சது பத்தல போலிருக்கு."

எட்டுத் தொப்பிகளும் சிரித்தன. லயனலும் சிரித்தான். பெரில் ஜன்னல் வழியாக அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். அவளுக்கு அது பழைய சிரிப்பு. ஆபீஸில் மேனேஜர் எல்லோர் எதிரிலும் மட்டம் தட்டிய நாள்களில், அதைத்தான் அவன் வீட்டுக்குக் கொண்டு வந்து, கோட்டோடு சேர்த்து மாட்டிவைப்பான்.

பெம்பர்டன் கை கழுவ வேண்டும் என்று சமையலறைக்கு வந்தார். கழுவின கையோடு, தட்டில் அடுக்கியிருந்த ஸ்கோன் ரொட்டிகளில் ஒன்றை எடுத்து ஜாம் தடவிக்கொண்டார். அது அவருக்கு ஐந்தாவது.

"மிஸஸ் கிராப்ட்ரீ, உங்களப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கு."

"அப்படியா."

"நல்ல மனுஷன்தான். ஆனா சில பேருக்கு இது கைவராது. கம்பளத்து மேல பாட்டரி ரயில் விட்டுக்கிட்டு இருக்கலாம், யாருக்கும் தொந்தரவு இல்ல. வெளில எங்க ஆளுங்க என்ன பண்றாங்க தெரியுமா? எத்தனாவது சுத்துல கவிழும்னு ஆளுக்கொரு நம்பர் சொல்லியிருக்காங்க." அவர் ஸ்கோனை வாயில் போட்டுக்கொண்டே கண்ணடித்தார். "நான் ஏழு."

அதையேதான் பெரிலும் ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கம்பளம், பாட்டரி, எல்லாம் அவளுடைய சொந்த வார்த்தைகள். ஆனால் இந்த ஆள் வாயிலிருந்து, அவள் போட்ட ஜாமோடு கலந்து வெளியே வந்தபோது, அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. லயனலைக் கேவலமாகப் பேசும் உரிமையை அவள் முப்பத்தெட்டு வருடம் அவனோடு குப்பை கொட்டிச் சம்பாதித்திருக்கிறாள். இந்த ஆள் ஐந்து ஸ்கோன் தின்று சம்பாதித்துவிட்டாரா?

வெளியே லயனல் வைலட்டுக்கு நெருப்புப் பற்றவைத்திருந்தான். நீராவி ஏறியது. விசில் அடித்தது. நாலு சரக்குப் பெட்டியையும் ஒரு பயணிப் பெட்டியையும் இழுத்துக்கொண்டு வைலட் கிளம்பினாள். ருபார்ப், குளம், கொட்டகையின் பின்பக்கம், சுரங்கம், மறுபடி ருபார்ப். "ஒண்ணு," என்றான் லயனல். வளைவில் கொஞ்சம் தள்ளாடினாள், ஆனால் விழவில்லை. மூன்றாவது சுற்றில் ஒரு தொப்பிக்காரர் முகம் வாடியது, ஐந்தில் இன்னொருவர். ஆறாவது சுற்று முடிந்தபோது பெம்பர்டன் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மடியில் ஸ்கோன் தட்டு.

பெரில் டீ ஊற்றிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள். கொட்டகைக்குப் பின்னால் கொக்கொக்கென்று அடங்கின சத்தம். மற்றவர்கள் காதில் அது விழவே விழாது. அவள் காதில் விழாமல் இருக்காது. ஒன்று இரண்டு இல்லை, பதினாலும் வந்துவிட்டன.

அவள் ஒன்றும் செய்ய வேண்டாம். டீயை ஊற்றிக்கொண்டே இருந்தால் போதும். இன்னும் அரை நிமிடத்தில் மூலை அவளுடையது. வைலட் ஏழாவது சுற்றில் குளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தாள். பெம்பர்டன் தன் ஆட்களைப் பார்த்து ஏழு விரலை விரித்துக் காட்டினார்.

பெரில் நேராகப் போய் அவர் மடியிலிருந்து தட்டைப் பிடுங்கினாள்.

"இது ஆறிப்போச்சு. சூடா மாத்திக் கொண்டு வர்றேன்."

"இல்ல, நல்லாத்தானே—"

அதற்குள் அவள் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டாள். அங்கே பதினாலு கோழியும் தண்டவாளத்தின்மேல் வரிசையாக நின்று, காலால் சீய்ப்பதும் பொறுக்குவதுமாக ஒரு கல்யாண விருந்தே நடந்துகொண்டிருந்தது. ஜல்லி இருபுறமும் சிதறி, தண்டவாளத்தின் மேலேயே குவிந்து கிடந்தது. பெரில் தாழ்ந்த குரலில் "டுக் டுக் டுக்" என்றாள், அவள் அப்பா கூப்பிடுகிற அதே மாதிரி. ஸ்கோன்களைப் பிய்த்து வேலிக்கு அந்தப் பக்கம் வீசினாள். பதிமூன்று கோழிகள் சிறகடித்துக்கொண்டு ஓட்டை வழியாகத் திரும்பி ஓடின. பதினாலாவது கோழிக்கு ஸ்கோனைவிட லயனலின் ஜல்லி பிடித்திருந்தது. அதை அலேக்காகத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெரில் ஈர மண்ணில் முழங்கால் போட்டாள். ஏப்ரனால் தண்டவாளத்தைத் துடைத்தாள், விரலால் ஜல்லியைத் தள்ளிக் கட்டைகளுக்கு நடுவே அமுக்கினாள். தலையணை இல்லை. அறுபத்தைந்து வயது முழங்கால் அதைச் சொல்லிக் காட்டியது.

வைலட் வந்தாள். பெரிலைக் கடந்து போகும்போது அவள் மணிக்கட்டில் ஒரு சொட்டுக் கொதிநீரைத் துப்பிவிட்டுப் போனாள். மாமியார் உயிரோடிருந்த காலத்திலும் செய்த உதவிக்கு இப்படித்தான் நன்றி சொல்லுவாள்.

"ஏழு," என்று அந்தப் பக்கத்திலிருந்து லயனலின் குரல் கேட்டது.

பெரில் கோழியை ஓட்டை வழியாகத் திணித்துவிட்டு, நேற்று சாய்த்துவைத்த பலகையை எடுத்து அடைத்து, முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள். எட்டு. ஒன்பது. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே சிதறினதை விரலால் சரி செய்தாள். பத்துக்கு லயனல் விசிலை அவ்வளவு நேரம் அடித்தான், டோரீனின் நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது.

அவள் ஏப்ரனை உதறிக்கொண்டு திரும்பி வந்தபோது சங்கத்தின் முகம் மாறியிருந்தது. பெம்பர்டன் குனிந்து, கண்ணாடியை வைத்து, ஜல்லியை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பக்கத்து ஜல்லியில் கோழியின் கால் படவில்லை.

"அசையவே இல்லையே. கலரும் நல்லா இருக்கு. எங்க பிடிச்சீங்க இத?"

லயனல் கடையைச் சொன்னான், மூட்டையின் பெயரைச் சொன்னான், எப்படித் தேர்ந்தெடுத்தான் என்பதைத் தேவைக்கு மேலேயே சொன்னான். தலைவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"என் பாதை முழுக்க இதையே போட்டுடறேன். அடுத்த மாசம் மாவட்டச் சங்கமே எங்க வீட்டுக்கு வருது."

பெம்பர்டனின் மச்சான் அவருக்கு அடுத்த வீடு. பந்தயப் புறா வளர்க்கிறவன், ஒரு காலத்தில் பெரிலின் அப்பாவிடம்தான் மக்காச்சோளம் வாங்குவான். பெரில் ஒரு நிமிடம் தயங்கினாள். எவ்வளவு கேவலமான ஆளாக இருந்தாலும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

"மிஸ்டர் பெம்பர்டன், அந்த மூட்டைல என்ன கலந்திருக்குன்னா—"

"இது தண்டவாளச் சமாசாரம், மிஸஸ் கிராப்ட்ரீ, உங்களுக்குப் புரியாது. சூடா ஸ்கோன் கொண்டு வர்றேன்னீங்களே, அத முதல்ல பாருங்க."

"காலியாயிடுச்சு," என்றாள் பெரில்.

எல்லோரும் போன பிறகு லயனல் மூலைக்குப் போய் நின்று, கையை விரித்து பிளாட்பாரத்துக்கு அளவு பார்த்தான். ஜெயித்தவனுக்குரிய நிதானம் எதுவும் அவனிடம் இல்லை. "டிக்கெட் ரூம் இங்க," என்றான். "ஜல்லிதான் காரணம், பெரில். சரியான ஜல்லி போட்டா எல்லாம் தானா ஓடும். நீ என்னமோ தும்மினா பறந்துடும்னியே."

பெரில் காலி மூட்டை ஒன்றைக் கொண்டு வந்து அவன் கையில் கொடுத்தாள். "கண்ணாடி போட்டுக்கிட்டுப் படி. பின்பக்கம்."

அவன் படித்தான். சிப்பி என்று படித்தான், சோம்பு எண்ணெய் என்று படித்தான், கோழிகள் விரும்பி உண்ணும் என்ற வரியை இரண்டு தடவை படித்தான். அவள் அவனைக் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப்போய்ப் பறண்டிப் போட்ட ஜல்லியையும் கோழி எச்சத்தையும் காட்டினாள். ஈர மண்ணில் இரண்டு முழங்கால் தடமும் இருந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"வியாழக்கிழமை. டீ கொண்டு வந்தப்ப."

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

லயனல் முழங்கால் தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "சும்மா இருந்திருந்தா மூலை உன்னோடது ஆயிருக்குமே. அப்புறம் எதுக்குக் காப்பாத்தின?"

"உன்னைப் பாத்து நான் சிரிப்பேன். உன் சாக்ஸத் துவைக்கிறவ நான். அந்த ஆளு சிரிச்சா எனக்குத் தாங்காது."

அவன் வீட்டுக்குள் போனான். பெரிலும் பின்னாலேயே போனாள். கூடத்தில் போனை எடுத்து, "பெம்பர்டன்கிட்ட சொல்லணும்ல," என்று மூன்று எண்ணைச் சுழற்றினான். பாதியில் விரல் நின்றது.

"அவரு மச்சான் புறா வச்சிருக்காருல்ல?"

"அறுபது."

"புறா இதத் திங்குமா?"

முப்பத்தெட்டு வருடத்தில் பறவையைப் பற்றி லயனல் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. பெரில் அதை அவசரப்படாமல் அனுபவித்தாள்.

"கோழியாவது கொஞ்சம் மிச்சம் வைக்கும்," என்றாள்.

லயனல் போனை மெதுவாக வைத்தான். ஜன்னலருகே போய் நின்று வெயில் விழுந்திருந்த மூலையைப் பார்த்தான். டிக்கெட் அறையையும் பெண்கள் கழிப்பறையையும் அவன் மனசுக்குள் இடித்துக்கொண்டிருந்தது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

"அந்த மூலைல எத்தன கோழி நிக்கும்?"

"ஆறு."

"அதுங்களுக்கும் கல்லு வாங்கிப் போடணுமா?"

"ஸ்டேஷனுக்குன்னு நாலு மூட்டை வாங்கி வச்சிருக்கியே. நம்ம ரெண்டு பேர் ஆயுசுக்கும் போதும்."

"அப்ப பாதைல போட்டது?"

"அள்ளு," என்றாள் பெரில். "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஆரம்பி. என் தலையணைய மட்டும் தொடாத."